டீச்சர் வீட்டு வெண்கலப் பானை

வேலை நேரத்தில் அம்மா எனக்குப் போன் செய்யமாட்டாள். ஈரக்கை பட்டால் போன் கெட்டுவிடும் என்று பயம். நாலு வீட்டு வேலையும் முடித்துக் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்ற பிறகுதான் கூப்பிடுவாள், அதுவும் வீட்டுக்கு ஏதாவது வாங்கணுமா என்று கேட்க. அதனால் மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை பத்தரைக்கு அவள் நம்பர் வந்தபோது முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"தம்பி, விக்கிறதுக்குன்னு ஒரு வெங்கலப் பானை போட்டிருக்கியே. அதுல என்னடா எழுதியிருக்கு?"

பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, எனக்கு மனப்பாடம். ஒரு அம்மாளின் பெயர், அவர் ஊர், கீழே 'தலைப்பொங்கல் சீர்'. மூன்று வரி. சொன்னேன். அந்தப் பக்கம் அவள் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அது டீச்சரம்மாவப் பெத்தவுக பேருடா. இந்த வீட்டுப் பானை. நான் எடுத்துக் குடுத்து நீ விக்கிறன்னு சொல்றாக."

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பெயரை எழுதி ஒருமுறை பட்டது போதும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா காளவாசலுக்கு உள்ளே தள்ளி ஒரு தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வாசல் தெளிக்கிறாள். அப்போது அதில் ஒன்று டீச்சர் வீடு. நான் பி.காம் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் ரெண்டு வருஷம் இருந்தேன். அங்கே இருக்கும்போதே பழைய பொருட்களை வாங்கிப் போனில் விற்கத் தொடங்கினேன். பித்தளைக் கூஜா, எனாமல் டிபன் கேரியர், ஊறுகாய் ஜாடி, சாவி கொடுக்கிற கடிகாரம். மதுரையில் இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போடுகிற சாமான்களைப் பெங்களூரில் வரவேற்பறையில் வைக்க வாங்குகிறார்கள். நான் எடுக்கிற படம் நன்றாக இருக்கும், அதைவிட நான் எழுதுகிற நாலு வரி நன்றாக இருக்கும் என்பார்கள். ஆபீசை விட்டேன். திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் ஒரு அறைதான் என்பதால் சாமான்களை எல்லாம் காளவாசலில் கூட்டாளி ஒருவனின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்துக்கொண்டேன். அதனால் நான் வாங்குகிற பொருளை அம்மா கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆனால் போகிற வீட்டில் எல்லாம் என் மகன் போனிலேயே யாவாரம் பண்றான் என்று சொல்லி வைத்திருந்தாள். டீச்சர் வீட்டில் எல்லாருக்கும் போனில் நான் படம் போட்டு விற்கிற பக்கம் தெரியும். சென்னையில் இருக்கிற டீச்சர் மகள் என் படங்களுக்கு ஹார்ட்டுகூடப் போடுவார்.

நான் வழக்கமாகச் சாமான் எடுப்பது டவுனுக்குள் ஒரு பழைய பாத்திரக் கடையில். கடைக்கார பாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய பாத்திரம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் வெட்டியிருக்கிற பேரை அரத்தால் ராவி எடுத்துவிடுவார். நம் வீடுகளில் கரண்டியைக்கூடப் பேர் வெட்டாமல் கொடுப்பதில்லையே. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, காதுகுத்தா, கல்யாணமா, எல்லாம் அதில் இருக்கும். அம்புட்டையும் ராவித் தள்ளிவிட்டுத்தான் அடுக்குவார்.

"பாய், எனக்கு எடுத்து வைக்கிறதுல மட்டும் பேரை அழிக்காம குடுங்க," என்று கேட்டேன். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டின அந்த எழுத்துக்குத்தான் வெளியூரில் மவுசு. எழுத்து இருந்தால் விலை ஏறக்குறைய ரெண்டு பங்கு.

"நாங்க கிலோ கணக்குல எடுக்குறோம். பேருக்குத் தனியாக் காசு குடுக்குறது நீ ஒருத்தன்தாம்ப்பா," என்று சிரித்தார். "பேரோட போன சாமான் என்னைக்காவது திரும்பி வந்து நம்ம வாசல்ல நிக்கும். எனக்கு அந்த வம்பு வேணாம்."

நான் அவரைக் கொஞ்சம் மட்டமாகவே நினைத்தேன். எழுத்தின் அருமை தெரியாத மனுஷன் என்று. என் பக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கீழே அதில் இருக்கிற எழுத்தை ஒன்றுவிடாமல் படித்து, அச்சடித்த மாதிரி போடுவேன். தேய்ந்த எழுத்தைச் சுண்ணாம்பு தடவிப் படித்திருக்கிறேன். அது எனக்குப் பெருமை.

வெண்கலப் பானை பாயிடம் வாங்கினது இல்லை. மூன்று வாரத்துக்கு முன் என் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. முகப்புப் படம் இல்லாத ஆள். பாட்டி காலத்துப் பானை, வீட்டை இடித்துக் கட்டுகிறோம், வைக்க இடமில்லை என்றிருந்தது. காளவாசலில் பெட்ரோல் பங்க் பக்கத்துச் சந்தில் சந்தித்தோம். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பானையை ஒரு கட்டம்போட்ட கைலியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பைக் சீட்டில் கைலியை விரித்து அதன்மேல் பானையை வைத்தார். நான் எப்போதும் செய்கிறபடி வீடியோ போட்டேன். கொக்கித் தராசில் தூக்கி எடை காட்டுவது, பிறகு ஐந்து ரூபாய்க் காசால் தட்டிச் சத்தம் காட்டுவது. கீறல் இல்லாத வெண்கலம் கோவில் மணி மாதிரி இழுக்கும், கீறல் இருந்தால் சத்தம் பொத்தென்று நின்றுவிடும். வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பானை நன்றாக இழுத்தது.

"சீக்கிரம்ண்ணே. ஆபீசுக்கு லேட்டாகுது," என்றார் ஹெல்மெட்.

பணத்தைப் போனில் அனுப்பவா என்றேன். வேண்டாம், கையில் கொடுங்கள் என்றார். ஹெல்மெட், கையில் பணம், அவசரம். எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் அந்த மூன்று வரியைப் படித்துவிட்டேன். நூலால் அளந்து வெட்டின மாதிரி எழுத்து. இதை விட்டுவிட்டால் இன்னொன்று கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கைலியைச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். பெங்களூரில் ஒரு வீட்டுக்காரம்மா மறுவாரமே பேசி முடித்து முன்பணம் அனுப்பிவிட்டார். நான் பானையை வைக்கோல் சுற்றிக் கட்டி, பஸ் பார்சலில் போடத் தயாராக அறையில் வைத்திருந்தேன்.

பொங்கலுக்குப் பானையை இறக்கலாம் என்று டீச்சர் அன்று காலை பரணைப் பார்த்திருக்கிறார். காணவில்லை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். மகள் என் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். தன் அம்மாச்சி பேர், ஊர், எல்லாம் கொட்டை எழுத்தில்.

நான் போனபோது அம்மா தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் ஓரமாக நின்றிருந்தாள். கையில் ஒயர் கூடை. அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்துதான் இருந்தது.

"என்னம்மா சொன்னாக?"

"பொழுது சாயறதுக்குள்ள பானையக் கொண்டாந்து வச்சிரச் சொன்னாக. வச்சிட்டா யாருக்கும் தெரியாம விட்டுருவாகளாம். இல்லாட்டி ஸ்டேசனாம்."

"யாருக்கும் தெரியாமயா?"

"எதுத்த வீட்டம்மாட்ட காலைலயே சொல்லியாச்சு. நான் பின்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன், எங்காது கேக்கத்தான் சொல்றாக. மூலை வீட்டுல இன்னைக்கு வேலை இல்ல, நாளைக்கு வான்னுட்டாக. நாளைக்குப் போனா நாளான்னைக்கும்பாக." கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "பன்னெண்டு வருசம்டா. நகைய கழட்டி ஜன்னல்ல வச்சிட்டுக் குளிக்கப் போவாக, நான் கூட்டிக்கிட்டு இருப்பேன்."

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். பானை இன்னும் என் கையில் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் எடுத்து வந்துவிடலாம். அதைத்தான் சொன்னேன்.

"குடுத்துருவோம்மா. குடுத்தா முடிஞ்சிரும்."

"குடுத்தா நான் எடுத்தது ஆயிரும்."

"குடுக்காட்டி ஸ்டேசனுக்குப் போவாக."

"போகட்டும். அங்க போயி எடுக்கலைன்னு சொல்லலாம். பானைய வச்சிட்டு வந்தா அதச் சொல்ல முடியாதுல்ல."

நான் போனை எடுத்தேன். பயத்தில் அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று விரல் போய்விட்டது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"எடுக்காத. எடுத்தா ஒளிச்ச மாதிரி இருக்கும். அது அங்கனயே கெடக்கட்டும்."

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தேன். விற்ற ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மெசேஜைத் திறந்தால் ஆள் இல்லை. கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதினது மட்டும் வரிசையாக இருந்தது. எத்தனை கிலோ இருக்கும், எழுத்து தெளிவாக இருக்கிறதா, எங்கே வரட்டும். சுவரைப் பார்த்துப் பேசின மாதிரி.

"யார்ட்ட வாங்குனன்னு உனக்கே தெரியாதாடா?" என்றாள் அம்மா.

அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே கேட்டாள். நானோ படித்த பிள்ளை, ஆடிட்டர் ஆபீசில் பில் இல்லாமல் ஒரு பேனாகூட வாங்கக்கூடாது என்று ரெண்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன பிள்ளை.

வீடியோ இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போட்டுக் காட்டினேன். தராசு, பானை, என் கை, காசு. ஹெல்மெட் ஆள் அதில் இல்லை, பைக்கின் சீட்டும் கொஞ்சம் டேங்கும்தான். இதில் என்ன இருக்கிறது என்று நான் அணைக்கப் போனேன்.

"நிப்பாட்டு," என்றாள். "அந்தத் துணியக் காட்டு. பெருசாக் காட்டு."

பெரிதாக்கினேன். நீலமும் கறுப்பும் கட்டம் போட்ட கைலி.

"இது சின்னவரு கைலி."

சின்னவர் என்றால் டீச்சரின் மகன். நான் அந்த வீட்டு வாசலுக்குப் போனது வாழ்க்கையில் ஒரே தடவை, பிளஸ் டூ முடித்தபோது. என் காலேஜ் விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது டீச்சர்தான். அப்போது சின்னவர் எங்கேயோ ஹாஸ்டலில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"இந்த மாதிரி கைலி ஊருல ஆயிரம் பேர்ட்ட இருக்கும்மா."

"ஆயிரம் கைலில பிளீச்சிங் தெறிச்சிருக்குமா? இந்தா பாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு. கரையோரமா வெளுத்துப் போயி. பாத்ரூம் கழுவையில நான்தான் தெறிச்சுவிட்டேன். அதுக்கு டீச்சரம்மா என்னைய வஞ்ச வசவு எனக்குல்ல தெரியும்." விரலால் போனைத் தொடாமல் காட்டினாள். "அந்தப் புள்ள குரலும் அதுதான். சீக்கிரம் சீக்கிரம்னு. காலைல காப்பிக்கும் அப்படித்தான் கத்தும்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வாம்மா, இப்பவே போவோம், தெருவில் வைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுவோம் என்றேன். ஜெராக்ஸ் பேப்பர்க் கட்டின்மேல் அம்மா உட்கார்ந்துவிட்டாள். கைலியைப் பார்ப்பதற்கு முன்னால் இல்லாத பயம் இப்போதுதான் அவள் முகத்தில் தெரிந்தது.

"தெருவுல வச்சுக் காட்டுனா என்ன ஆகும்கிற? பெத்தவ பிள்ளையத்தான் புடிச்சுக்குவா. இவ என் மகன் மேல பழி போடுறான்னு நிப்பாக. நாலு வீடும் அவுக பக்கம்தான் நிக்கும். நீ போன்ல என்னத்தையோ செஞ்சு கொண்டாந்துட்டன்னு சொன்னா நான் என்னடா சொல்ல முடியும்?"

"அப்ப சும்மா விட்டுர்றதா?"

"சும்மா விடணும்னு யாரு சொன்னா. தனியாக் காட்டணும். அவுக மட்டும் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "நீ காட்டக் கூடாது. உன்னையப் பாத்தா கோவம் வரும். நான் காட்டுறேன். எப்படிப் போடுறதுன்னு மட்டும் சொல்லிக் குடு."

போன் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு செய்து, நடுவில் இருக்கிற முக்கோணத்தை அமுக்கு என்று காட்டினேன். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அமுக்கினாள். வந்தது. நிறுத்தினாள். மறுபடி அமுக்கினாள். அஞ்சாறு தடவை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பிப் பானையைப் பிரிக்கத் தொடங்கினேன். வைக்கோல் அறை முழுக்கச் சிதறியது. போன் என் கைக்கு வந்ததும் பெங்களூர் அம்மாவுக்கு, பானையில் ஒரு சிக்கல், பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன். என்ன சிக்கல் என்று கேட்டு உடனே பதில் வந்தது. முன்பணத்தை அனுப்பிவிட்டு, வீடியோவைத் திரும்பத் திறந்து அம்மாவிடம் போனைக் கொடுத்தேன்.

"பானைய எடுத்துக்க," என்றாள் அம்மா. "நான் சொல்ற வரைக்கும் கீழ வைக்காத."

நாலு மணிக்குப் போனோம். கேட்டுக்குள் நுழையும்போதே எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நின்று பார்த்தார். நான் வெண்கலப் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறேன், முன்னால் அம்மா போகிறாள். அந்தப் பார்வைக்கு நாங்கள் என்னவாகத் தெரிந்திருப்போம் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஹாலில் டீச்சர் சோபாவில் இருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலியில் ஒரு ஆள், முப்பது வயது இருக்கும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"கொண்டாந்துட்டியா," என்றார் டீச்சர் என்னிடம். கோபமாக இல்லை, அலுப்பாக. "அங்க வை. இதோட விட்டுருவோம். உன் காலேஜ் பாரத்தை நிரப்பிக் குடுத்தவ நான். உன்னைப் போய் ஸ்டேஷன்ல நிறுத்த எனக்கு மட்டும் ஆசையா?"

என் கை தானாக இறங்கியது. டீச்சர் வை என்று சொன்னால் வைக்கத்தான் தோன்றும். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பானையை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டேன்.

"நான் எடுக்கல டீச்சரம்மா."

"அதான் விட்டுருவோம்ங்கறேன்ல."

"எடுக்கலைங்கிறேன்."

"அதான் அம்மா பெருந்தன்மையா விட்டுர்றேங்குறாங்கள்ல," என்றார் நாற்காலியில் இருந்தவர். "வச்சிட்டுக் கிளம்புக்கா. நாளைக்கு வேலைக்கு வந்துரு. சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு வெளிய போகணும்."

அந்தச் 'சீக்கிரம்' என் காதில் அப்படியே விழுந்தது. சந்தில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த அதே சொல், அதே இழுப்பு. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சரம்மா, அடுப்படிக்குக் கொஞ்சம் வாங்க," என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"வாங்களேன். ஒரு நிமிசம்."

அந்த வீட்டில் அம்மாவுக்குப் பேச இருந்த இடம் அடுப்படி ஒன்றுதான். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஹாலில் நாங்கள் ரெண்டு பேர். அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் நிற்கிறேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை, நானும் உட்காரப் போவதில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அம்மா முக்கோணத்தைத் தேடுகிறாளோ, போன் பூட்டிக்கொண்டுவிட்டதோ என்று எனக்கு ஓடியது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. காசு பட்டு வெண்கலம் இழுக்கிற சத்தம். பானை என் கையில் இருக்கிறது, அதன் சத்தம் அடுப்படியிலிருந்து வருகிறது. அவர் போனில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. அடுத்து அவர் குரலே வந்தது. சீக்கிரம்ண்ணே, ஆபீசுக்கு லேட்டாகுது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளே மறுபடி அதே சத்தம், அதே குரல். ரெண்டாம் தடவை போடச் சொன்னது டீச்சர்தானாம், அம்மா பிறகு சொன்னாள். 'துணியக் காட்டு' என்றாராம்.

"மாப்ள," என்றார் சன்னமாக. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் அவருக்கு வேலைக்காரி மகன். "அத அழிச்சிரச் சொல்லு மாப்ள. வேற வழியில்லாமத்தான். எம்புட்டு வேணும்னு சொல்லு."

அந்த ஆளின் தலையில் பானையைப் போடலாம் போல இருந்தது எனக்கு. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சந்தில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றாததை நான் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கு எழுத்து வேண்டியிருந்தது. அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அம்மாவை அந்த அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

டீச்சர் வெளியே வந்தார். மகனை அவர் பார்க்கவே இல்லை. அவர் இருந்த பக்கம் ஒரு சுவர் இருக்கிற மாதிரி நடந்து வந்து என் எதிரில் நின்றார்.

"இதுக்கு எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"கையிலயா?"

"கையிலதான் டீச்சர்."

உள்ளறைக்குப் போய்ப் பணத்தை எடுத்து வந்து நீட்டினார். நான் தயங்கினேன். வாங்கினால் அசிங்கம், டீச்சரிடம் போய்க் காசு வாங்குவதா என்று.

"வாங்கிக்க," என்றாள் அம்மா. அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசினதே இல்லை.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. வாங்காமல் விட்டால் அது திருட்டுப் பானை. வாங்கினால் அந்த வீட்டு ஆள் விற்ற பானை. வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "இப்ப வை," என்றாள். பானையை டீச்சரின் காலடியில் வைத்தேன். தோளிரண்டும் மரத்துப் போயிருந்தன.

முடிந்தது என்று நான் வாசலுக்குத் திரும்பினேன். அம்மா நகரவில்லை.

"டீச்சரம்மா, காலைல மூணு வீட்டுல சொல்லியிருக்கீங்க. அவுகட்ட நீங்களே சொல்லிருங்க."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

"நான் கூட நிக்கிறேன். நீங்க சொல்லுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே சொல்லிருங்க டீச்சரம்மா. நாளைக்கு விடிஞ்சா நான் அந்த வீட்டுகளுக்குல்ல போகணும்."

டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தின கண். அம்மா அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் நகரவில்லை. டீச்சர் செருப்பைப் போட்டார்.

முதலில் எதிர்வீடு. அந்த அம்மாள் மாடியிலிருந்து இறங்கி கேட்டுக்கு வந்துவிட்டிருந்தார்.

"பானை கிடைச்சிருச்சுங்க," என்றார் டீச்சர். "என் மகன் பாலீஷ் போடக் குடுத்திருக்கான், என்கிட்டச் சொல்ல மறந்துட்டான். அது கைமாறி இந்தத் தம்பி கைக்குப் போயிருக்கு. பாவம், இவளைப் போய் நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

பாலீஷா? நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்தது ரெண்டு வீடு தள்ளி. அதே பாலீஷ், அதே பாவம். கடைசியாக மூலை வீடு. அந்த வீட்டு அம்மாள் முழுதும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடி. நான்கூட என் குக்கரையெல்லாம் எண்ணிப் பாத்துட்டேன் டீச்சர்."

டீச்சர் சிரித்தார். அந்த அம்மாள் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

"நாளைக்கு வந்துருவேல்ல?" என்றார் மூலை வீட்டம்மாள்.

"வாரேங்க. ஆறரைக்கெல்லாம் வந்துர்றேன்."

பைக்கில் திருப்பரங்குன்றம் ரோட்டில் வந்தோம். பழங்காநத்தம் தாண்டினதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பாலீஷுன்னு பொய் சொல்றாங்க, நீயும் தலையாட்டிக்கிட்டு நிக்கிற. நம்மகிட்ட வீடியோ இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"அந்தாளு திருடுனான்னு ஒருத்தருக்கும் தெரியலயே."

"எனக்கு எதுக்குடா அது? நான் திருடலைன்னு தெரிஞ்சிருச்சுல்ல. மூணு வாசல்ல வச்சு அவுக வாயால சொல்லிட்டாக." லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவுக மகனத் திருடன்னு சொல்ல வச்சிருந்தா, அடுத்த வாரமே எம்மேல வேற ஒண்ணு வந்திருக்கும்."

"நாளையிலேர்ந்து அந்த வீட்டுக்குப் போகாத."

"போவேன்."

"போவியா?"

"இன்னைக்கு நின்னுட்டா ஏன் நின்னான்னு கேப்பாக. பொங்கல் முடியட்டும். தை முழுக்கப் போறேன். அதுக்கப்புறம் முழங்கால் வலின்னு நின்னுக்கிறேன்."

சொன்னபடியே போனாள். போகிக்கு அந்தப் பரணைச் சுத்தம் செய்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் அந்தப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். சின்னவர் அவள் இருக்கிற நேரத்தில் அடுப்படிப் பக்கம் வருவதில்லை என்றாள். டீச்சர் காப்பியைக் கையில் கொடுக்காமல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார் என்றாள். அதையெல்லாம் அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, குழாயில் தண்ணி வரவில்லை என்பது போலச் சொன்னாள். தினமும் காலையில் அவளைக் காளவாசலில் இறக்கிவிட்டு வருவேன். பத்தரை மணி தாண்டுகிற வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீடியோவை நான் அழிக்கவில்லை. அழிக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். மாசி பிறக்கட்டும் என்றாள்.

மாசி முதல் தேதி டீச்சர் வீட்டு வேலையை முடித்துவிட்டு, நாளையிலிருந்து வரமுடியாது, முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் சரி என்றாராம். அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தாராம். அம்மா வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ரெண்டு வீடு தள்ளி வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கேயும் மாடிப்படி உண்டு.

"வேற ஒண்ணும் கேக்கலயா?" என்றேன்.

எந்தக் கால் என்றுகூட டீச்சர் கேட்கவில்லையாம்.